கணக்குக் கேட்பது அபசாரமா?

(ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர், இளைப்பாறிய அரசாங்க எழுதுவினைஞர்)

சிவாலயத்தை வலம் வருகின்ற அடியார்கள் சண்டேசுரர் சந்நிதியில் நின்று மெல்லக் கைதட்டி வணங்குவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இங்கிருந்து எதனையும் கொண்டு செல்லவில்லை, என் கைகள் வெறுமையானவை என்று காட்டுவதே அதன் பொருளென எமது பெரியோர் சொல்லித் தந்தனர். (தியானத்தில் இருப்பவரைப் பட்டாசு வெடிப்பது போலத் தட்டி எழுப்பக் கூடாது என்பதும் அவர்கள் சொன்னதே. இளைஞர்கள் கவனிப்பார்களாக.) சோழர் காலக் கல்வெட்டுக்களில் கோயிலுக்கான நிலக் கொடுக்கல் வாங்கல்கள் சண்டேசுரர் பெயரிலேயே நடந்திருக்கின்றன. ஆகவே அவரைக் கோயிலின் கணக்குப்பிள்ளை என்று சொன்னால் தவறில்லை. வழிபட வந்து, ஒரு பூவைக்கூட எடுக்காத ஏழைக் கிழவி அவர் முன்னே கையைக் காட்டிவிட்டுப் போகின்றாள். அப்படியானால் திறப்புக்கோர்வையை இடுப்பிலே செருகியிருப்பவர்கள் எத்தனை தரம் காட்ட வேண்டும்?

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட வினா இதுதான். ஓர் ஆலயத்தையோ சங்கத்தையோ நிறுவனத்தையோ தலைமை தாங்கி நடத்துகின்ற ஒருவர், அதன் பணத்தையும் பொருளையும் தமது சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துகின்றார் என்ற ஐயம் எழுந்தால், அதனை விசாரிப்பது தர்மமா, நன்றி மறந்த செயலா? "அவர் இல்லாவிட்டால் இந்தச் சபையே இல்லை. அவரிடமா கணக்குக் கேட்பது?" என்ற பேச்சை அரச சேவையிலும் அதன் பின்னர் ஆலயப் பணியிலும் பல தடவை கேட்டிருக்கின்றேன். அப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் நன்றியுள்ளவர்கள். அதனாலேயே அந்தப் பேச்சை அலட்சியம் செய்யாமல் ஆராய்வது நன்று. எமது ஆலயத்தில் உள்ள எவரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படவில்லை. இதனைச் சொல்லாவிட்டால், மலர் வெளியான மறுநாளே வாசிகசாலையடியில் ஒரு பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தூரதேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்கின்றேன். அயலில் நடந்ததைச் சொன்னால் ஆளைப் பார்ப்போம். தூரத்தில் நடந்ததைச் சொன்னால் விடயத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவிலே யுனைட்டட் வே என்ற தர்ம ஸ்தாபனம் உண்டு. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் சாதாரண மக்கள் தமது சம்பளத்தில் இருந்து சிறு தொகையைக் கழித்துக் கொடுக்க, அப்பணம் அவ்வவ்வூர் அநாதைகள், முதியோர், நோயாளர் ஆகியோருக்கான சேவைகளுக்குப் பங்கிடப்படுகின்றது. ஊர்தோறும் உள்ள கிளைகள் தலைமை நிலையத்துக்கு ஆண்டுச் சந்தா செலுத்தும். அந்தத் தலைமை நிலையத்துக்கு 1970ஆம் ஆண்டில் தலைவராக வந்தவர் வில்லியம் அரமொனி என்பவர். மிகுந்த ஆற்றல் வாய்ந்தவர். அவர் பொறுப்பேற்ற வேளையில் ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கும் குறைவாக இருந்த மொத்தச் சேர்ப்பு, 1990ஆம் ஆண்டளவில் 300 கோடி டொலரைத் தாண்டியது. பெருங் கம்பனிகளின் தலைவர்கள் அவரது பணிப்பாளர் சபையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவுமில்லை.

1992ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அவரது விடயங்களை வெளியிட்டது. சம்பளமும் ஏனைய சலுகைகளும் சேர்த்து ஆண்டுக்கு 463,000 டொலர் பெற்றிருக்கின்றார். கொன்கோர்ட் விமானத்தில் பறந்திருக்கின்றார். தலைமை நிலையத்தின் பணத்தைக் கொண்டு கிளைக் கம்பனிகளைத் தொடங்கி, அவற்றில் தமக்கு வேண்டியவர்களை அமர்த்தி, அப்படியான ஒரு கம்பனியின் பெயரில் நியூயோர்க் நகரில் அடுக்குமாடி வீடு வாங்கப்பட்டிருக்கின்றது. பெண் விடயமும் உண்டு. கோயில் மலரிலே அதனை விவரிக்கத் தேவையில்லை. அம்மாத இறுதியிலேயே அவர் பதவி விலக நேர்ந்தது. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சதி, மோசடி முதலிய 25 குற்றச்சாட்டுக்களில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, பின்னர் ஏழு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அவருக்கு உடந்தையாக இருந்த இரு முன்னாள் அதிகாரிகளும் சிறை சென்றனர்.

இதில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது சிறைத்தண்டனை அன்று. செய்தி வெளியானதும் ஊர்க்கிளைகள் பல தமது சந்தாவை நிறுத்திவிட்டன. தலைமை நிலையத்தில் ஒரு சதத்தையும் தொடாத ஊழியர்கள் பலர் வேலை இழந்தனர். சம்பளத்தில் கழித்துக் கொடுத்து வந்த தொழிலாளி, "என் பணம் விமானத்தில் பறக்கவா போனது?" என்று கேட்டுக் கையை மடக்கிக்கொண்டான். அவன் கையை மடக்கியதால் பட்டினி கிடந்தது அரமொனி அல்லர். எங்கோ ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்த குழந்தை. நன்றியின் பெயரால் கேள்வி கேட்காதிருந்த பெரிய மனிதர்கள் பணத்தோடு தர்மத்தின் மீதிருந்த நம்பிக்கையையும் களவு போக விட்டார்கள். முதலாம் வருடமே ஒருவர் எழுந்து, "ஐயா, இந்த விமானச் சீட்டின் செலவுச்சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் அந்த மனிதரே தப்பியிருக்கக் கூடும் என்று நினைக்கின்றேன். கேள்வி இல்லாத இடத்தில் நல்லவனும் மெல்ல மெல்ல வழுக்குகின்றான்.

சரி, அவர் ஸ்தாபனத்தை மூன்று மடங்குக்கு மேல் வளர்த்தாரே, அந்தப் பெரும் சேவையில் இதனைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். காசேட்டிலே வரவும் செலவும் இரு பக்கங்களில் பதியப்படும். இறுதியில் கழித்து மிகுதி காண்போம். ஆனால் புண்ணியத்துக்குக் காசேட்டில் ஒரு நிரல் கிடையாது. அவர் செய்த சேவைக்குச் சம்பளம் வழங்கப்பட்டுவிட்டது. அந்த வரி முடிந்துவிட்டது. மற்றது வேறு வரி.

இதைவிடச் சிக்கலானது சம்பளம் பெறாதவருடைய விடயம். எமது ஊர்களில் ஆலயங்களையும் சனசமூக நிலையங்களையும் கமக்காரர் அமைப்புக்களையும் நடத்துபவர்கள் கௌரவ சேவையாளர்கள். வெயிலில் அலைகின்றார்கள். தொலைபேசிக்குத் தாமே காசு போடுகின்றார்கள். தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் இரவு முழுவதும் நித்திரையில்லை. திருவிழா முடிந்தபின் ஒருவராவது நன்றி சொல்வாரென்றால் அதுவுமில்லை. பஞ்சாமிர்தம் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடுதான். இப்படிப் பத்து வருடம் போனால் மனத்தினுள்ளே ஓர் எண்ணம் முளை விடுகின்றது: "இந்த இடம் எனக்குக் கடன்பட்டிருக்கின்றது." ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கின்றது. களவெடுக்க வேண்டுமென்று எண்ணி எவரும் தலைவராவதில்லை. கடனை அறவிடுவதாக எண்ணியே எடுக்கின்றார்கள்.

அத்தோடு, "நான் எத்தனை தரம் என் கைக்காசைப் போட்டிருக்கின்றேன் தெரியுமா?" என்பார்கள். உண்மைதான், போட்டிருப்பார்கள். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் தம் பணத்தைப் பொதுப் பணத்தோடு கலப்பவரும், பற்றுச்சீட்டு இல்லாமல் பொதுப் பணத்தை எடுப்பவரும் ஒரே சட்டைப் பையையே வைத்திருக்கின்றார்கள். போட்டது எவ்வளவு எடுத்தது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. நான் ஆலய சபைக்கு வந்தபோது, உபயமாகத் தருகின்ற பணமாயினும் முதலில் பற்றுச்சீட்டு எழுதிய பின்னரே செலவழிக்க வேண்டும் என்று சொன்னேன். "சாமிக்குத் தருவதற்கும் துண்டு எழுதவா?" என்று சிலர் முகம் சுளித்தனர். சாமிக்குத் துண்டு தேவையில்லை. துண்டு எமக்குத்தான் தேவை.

பணத்தைவிடப் பொருள் விடயத்தில் எமது மனச்சாட்சி இன்னும் மழுங்கியது. உண்டியலில் இருந்து நூறு ரூபாயை எடுக்க எவருக்கும் கை நடுங்கும். ஆனால் ஆலயத்துக் கிடாரம், கதிரைகள், தறப்பாள், மின்பிறப்பாக்கி, நீர் இறைக்கும் இயந்திரம் இவையெல்லாம் பொறுப்பாளர் வீட்டு வளவில் நிற்பது எமக்குப் பழகிய காட்சி. 1990களில் வடபகுதியில் மின்சாரமுமில்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. அக்காலத்தில் ஓர் ஆலயப் பொறுப்பாளர் கோயில் இயந்திரத்தைக் கொண்டுபோய்த் தம் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைத்தார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் அவருடையது. நந்தவனத்துக்கு இறைக்கும் நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தும் விட்டார். குற்றமா?

இதனை நான் பல நாள் யோசித்ததுண்டு. இயந்திரம் தேய்கின்றது என்பது ஒரு விடை. அது சிறிய விடை. அவரது வேலிக்கு அப்பால் வேறொருவனும் வெங்காயம் நட்டிருக்கின்றான். அவனுடைய வீட்டிலிருந்தும் அந்த இயந்திரத்துக்குப் பணம் போயிருக்கின்றது. அவன் தோளில் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கின்றான். அவன் வந்து கேட்டால் "கோயில் சாமான் வெளியே கொடுப்பதில்லை" என்று அதே பொறுப்பாளர் சொல்வார். குற்றம் அங்கேயே இருக்கின்றது. எல்லாருக்கும் பொதுவான ஒன்றைத் தனக்கு மாத்திரம் திறந்துவிடும் கதவாகப் பதவி மாறிவிட்டது. அதே இயந்திரத்தை ஒரு நாளுக்கு இவ்வளவு வாடகை என்று விதித்து, புத்தகத்தில் பதிந்து, கேட்பவர் எவருக்கும் முறைப்படி கொடுத்து, பொறுப்பாளரும் தம் முறை வரும்போது வாடகை கட்டி எடுத்துச் சென்றால் ஒரு குற்றமுமில்லை. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அவ்வேளையில் பொது இடங்களின் மின்பிறப்பாக்கிக்கென்று வைத்திருந்த டீசலுக்கும் இதே நீதிதான்.

"பிறகு திருப்பி வைத்துவிடலாம்" என்பது இதன் அடுத்த படி. பெரியபுராணத்தில் கோட்புலி நாயனார் வரலாறு எல்லாரும் அறிந்ததே. நாட்டியத்தான்குடியிலே திருவமுதுக்கென நெற்கூடுகளைச் சேமித்து, சுற்றத்தாரிடம் ஆணையிட்டு, அரச பணியாகப் போருக்குச் சென்றார். பஞ்சம் வந்தது. சுற்றத்தார் அந்நெல்லை எடுத்து உண்டு உயிர் பிழைத்து, பின்னர் கொடுத்துவிடுவோம் என்று எண்ணினார்கள். திரும்பி வந்த நாயனார் செய்த காரியத்தைப் படிக்கின்ற எவருக்கும் உடல் நடுங்கும். அவர் செய்ததை நாம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது; அது நாயனாருக்கும் இறைவனுக்கும் இடையிலான விடயம். ஆனால் சேக்கிழார் பெருமான் அந்தச் சுற்றத்தாரைக் கள்வர்களாகக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பசித்தவர்களாக, திருப்பிக் கொடுக்கும் எண்ணமுள்ளவர்களாகவே காட்டுகின்றார். அப்படியானவர்களும் எடுத்தது எடுத்ததே. எமது நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றியது. அதுவும், நேர்மையீனமாகச் சிறிது காலத்துக்கு மாத்திரம் தன் உபயோகத்துக்கு மாற்றிக்கொள்வதும் கையாடலே என்று விளக்கம் தருகின்றது. புராணமும் வெள்ளைக்காரன் சட்டமும் ஒத்துப்போகின்ற இடங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

இனி ஒரு கடினமான ஆட்சேபம் உண்டு. கற்றறிந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாணிக்கவாசக சுவாமிகள் பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையிலே திருப்பணிக்குச் செலவிடவில்லையா? பத்திராசலம் இராமதாசர் கோல்கொண்டா சுல்தானுடைய வரிப்பணத்தில் இராமருக்குக் கோயில் கட்டவில்லையா? அவர்களை நாம் கும்பிடவில்லையா?" நல்ல கேள்விதான்.

எனக்குத் தோன்றியதைச் சொல்கின்றேன். இருவரும் ஒரு காசையும் தமக்கென எடுக்கவில்லை என்பது ஒன்று. அதனோடு விடயம் முடிந்துவிடாது. நல்ல காரியத்துக்காக ஆயினும் ஒரு தேவைக்குக் கொடுத்த பணத்தை வேறொரு தேவைக்குத் திருப்புவது தவறு என்பதை அந்த வரலாறுகளே மறுக்கவில்லை. இருவரும் விசாரிக்கப்பட்டார்கள். இருவரும் தண்டனை அனுபவித்தார்கள். வாதவூரர் வைகை மணலில் வெயிலில் நின்றார். இராமதாசர் பன்னிரண்டு வருடம் சிறையிருந்தார் என்பர். இறைவன் வந்து அரசனிடம், "என் அடியவனிடம் கணக்குக் கேட்க நீ யார்?" என்று சொல்லவில்லை. சோமசுந்தரக் கடவுள் குதிரைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இராமதாசர் கதையிலோ இராமரும் இலக்குவரும் சுல்தானிடம் முழுத்தொகையையும் செலுத்தி, பற்றுச்சீட்டும் பெற்றுக்கொண்டார்களாம். எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு அந்தப் பற்றுச்சீட்டு மிகவும் பிடித்துப் போயிற்று. தமது அடியவனுக்காகக் கூட இறைவன் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை, செலுத்தினார். எங்களுக்காகக் குதிரையோடு வருவதற்கு அவர் ஒப்புக்கொண்டதாக எந்தப் பத்திரமும் இல்லை.

விசாரிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படி விசாரிப்பது என்பதில்தான் அதிக பாவம் நிகழ்கின்றது.

சண்டேசுரருடைய சொந்த வரலாற்றையே பாருங்கள். திருச்சேய்ஞலூரிலே பசு மேய்த்த சிறுவனாகிய விசாரசருமர், தாமாகச் சொரிந்த பாலை மணல் இலிங்கத்துக்கு ஆட்டினார். பசுக்காரருக்குப் பால் குறையவில்லை. ஆயினும் எவனோ ஒருவன் கண்டு, பாலை வீணாக்குகின்றான் என்று ஊராரிடம் சொன்னான். ஊரார் தந்தையாகிய எச்சதத்தரிடம் முறையிட்டனர். தந்தை மரத்தில் ஏறி மறைந்திருந்து பார்த்தார். பார்த்தாரே தவிர, "மகனே, இது என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கி வந்து அடித்தார், பாற்குடத்தைக் காலால் இடறினார். அதன் விளைவை அறிவீர்கள். பிறர் பொருளைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்ட ஒருவரே கோயிலின் கணக்குப்பிள்ளை ஆனார் என்பது எவ்வளவு பெரிய விடயம்! எச்சதத்தர் விசாரித்தது பிழையன்று. முறைப்பாடு வந்தது, பார்க்கத்தான் வேண்டும். பாலின் அளவை அளக்காமல், மகனைக் கேட்காமல் தீர்ப்பளித்ததே பிழை.

அரச சேவையில் இதற்கென்று முறை வகுத்திருக்கின்றார்கள். நட்டம் ஒன்று தெரியவந்தால் நிதிப்பிரமாணம் 104இன் படி ஏழு நாட்களுக்குள் ஆரம்ப அறிக்கை, மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கை. முதலில் புத்தகங்களையும் திறப்புக்களையும் பாரமெடுக்க வேண்டும். அது ஆளை அவமதிப்பதற்காக அன்று. பின்னர் ஒரு தாள் குறைந்தால் அவர்மேல் பழி விழாமல் இருப்பதற்காகவும்தான். குற்றச்சாட்டு எழுத்தில் இருக்க வேண்டும்: எந்தத் திகதி, எந்தத் தொகை, எந்தப் பொருள். "அவர் நிறையச் சுருட்டிவிட்டார்" என்பது குற்றச்சாட்டு அல்ல. எந்த ஆவணங்களைக் கொண்டு சாட்டப்படுகின்றதோ அவற்றை அவரும் பார்வையிட வேண்டும். பதில் சொல்ல அவகாசமும், துணைக்கு ஒருவரை அழைக்கும் உரிமையும் வேண்டும். அவருடைய பதவிக்கு ஆசைப்படுகின்றவர் விசாரணையில் அமரக் கூடாது. கடைசியாகச் சொன்னதே எமது ஊர்களில் பெரும்பாலும் மீறப்படுவது.

இவையெல்லாம் வெள்ளைக்காரன் தந்த புத்தி என்று எண்ண வேண்டாம். கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம் அதிகாரிகள் பொதுப்பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் கூறுகின்றது. (நாற்பத்தோராவது வழியைக் கண்டுபிடித்தவர்களை நான் பார்த்திருக்கின்றேன், அது வேறு கதை.) பொருளைக் காப்பவன், எழுதுபவன், வாங்குபவன், கொடுப்பவன் ஆகியோரைத் தனித்தனியே விசாரிக்க வேண்டுமென்றும், இன்னாரால் பாதிக்கப்பட்டோர் வந்து அறிவியுங்கள் என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டுமென்றும் அது கூறுகின்றது. துப்புக் கொடுத்தவன் நிரூபித்தால் அவனுக்குப் பங்கு உண்டு. நிரூபிக்கத் தவறினால் அவனுக்கே தண்டனை. இந்த ஒரு விதி இன்று இருந்தால் பெயரில்லாத பெட்டிசங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

என் சேவைக் காலத்தில் விசாரணைகளில் பதிவெழுதுவதற்காக அமர்த்தப்பட்டதுண்டு. இரண்டைச் சொல்லலாம். இரண்டும் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த வலிகாமம் இடப்பெயர்வுக்குப் பிற்பட்டவை. ஒரு சங்கத்தின் முகாமையாளர், இடம்பெயர்ந்தபோது புத்தகங்கள் யாவும் அழிந்துவிட்டதாகச் சொன்னார். ஊர் முழுவதும் அவரைக் கள்ளன் என்றது. கடைக்குப் போனால் கதை நின்றுவிடும். மனைவி கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மகளுக்குப் பேசிய சம்பந்தம் தள்ளிப் போயிற்று. விசாரணை அதிகாரி பொறுமையானவர். வங்கியில் இருந்து கூற்றுக்களை எடுப்பித்தார். சாமான் கொடுத்த வியாபாரிகளின் அடிக்கட்டைகளைத் தேடிப் பெற்றார். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். பதினான்கு மாதங்கள் சென்றன. முடிவில் அந்த மனிதர்மேல் ஒரு சதமும் பாக்கியில்லை. அறிக்கை கோவையில் இடப்பட்டது. "அவர் நிரபராதி" என்று ஊருக்குச் சொல்ல எவரும் ஒலிபெருக்கி கட்டவில்லை.

மற்றையவரும் அதே காரணத்தையே சொன்னார், இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்று. அவருக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் அழிந்ததாகச் சொன்ன தட்டச்சு இயந்திரமும் நிறுவைத் தராசும் அடுத்த வருடம் வேறோர் ஊரில் விலைப்பட்டிருந்தன. தொடர் இலக்கம் காட்டிக்கொடுத்தது. முன்னவரைப் பழித்த வாய்களே பின்னவருக்காகப் பரிந்து பேசின. இருவர் சொன்னதும் ஒரே வார்த்தை. வேறுபாட்டைக் கண்டுபிடித்தது தாள்தான், ஊர்வாய் அல்ல. முறையான விசாரணை குற்றவாளிக்கு எதிரான ஆயுதம் என்று நினைக்கின்றோம். நிரபராதிக்கு அதைவிட்டால் வேறு கவசமே இல்லை. "அவரிடமா கணக்குக் கேட்பது?" என்று தடுப்பவர்கள், அவர் நல்லவராக இருந்தால் அதனை நிரூபிக்கும் வாய்ப்பையே அவரிடமிருந்து பறிக்கின்றார்கள்.

ஆலயங்களைப் பொறுத்தவரை எமது நாட்டில் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. ஆலயத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் பரிபாலனம் பற்றி நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் நேரே வழக்குக்குப் போய்விட முடியாது. முதலில் அரசாங்க அதிபருக்கு மனுக் கொடுத்து, அவர் நியமிக்கின்ற ஆணையாளர் விடயத்தை ஆராய வேண்டும். சட்டத்தை இயற்றியவர்கள் கோயில் வழக்குகளின் சுபாவத்தை அறிந்திருந்தார்கள் போலும். வழக்கு நடக்கும்போது திருவிழா நின்றுவிடும், சகோதரர்கள் எதிரெதிர் வீதியில் நிற்பார்கள், பாட்டன் தொடங்கிய வழக்கைப் பேரன் முடிப்பான். எமது மாகாணத்தில் இதற்கு உதாரணம் தேடி எவரும் தூரம் போக வேண்டியதில்லை. அந்த நிலைக்குச் செல்லாமல் இருக்க ஒரே வழி, கேட்க வேண்டியதை வருடந்தோறும் பொதுக்கூட்டத்தில் சாதாரணக் குரலில் கேட்டுவிடுவதே. பத்து வருடம் கேட்காமல் இருந்துவிட்டுப் பதினோராம் வருடம் கேட்கும்போது குரல் உயர்ந்துதான் வரும்.

விசாரித்து, குற்றம் உண்மையென்று கண்ட பின்னர் என்ன செய்வது? பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும். திறப்பை ஒப்படைத்துப் பதவி விலக வேண்டும். கண்டதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் அடியார்களுக்கு அறிவிக்க வேண்டும். தொகை பெரிதானால் சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். குடும்ப கௌரவம் கருதி மூடிமறைப்பது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் அந்த இரக்கத்துக்கான செலவை உண்டியலில் ஐந்து ரூபாய் போட்டவள் தலையில் கட்டுகின்றோம். அவளிடம் நாம் அனுமதி கேட்கவில்லை.

இவற்றில் பெரும்பாலானோர் உடன்படுவார்கள். ஒரு விடயத்தில் மாத்திரம் சண்டை வரும். அப்படியானவர் முன்னொரு காலத்தில், கை சுத்தமாக இருந்தபோது, தம் சொந்த உழைப்பில் ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்திருப்பார். சுவரில் அவரது பெயர் பொறித்த கல் இருக்கும். "கல்லைப் பெயர்த்து எறியுங்கள்" என்பார்கள் இளைஞர்கள். என் அபிப்பிராயம் வேறு. அந்த மண்டபத்துக்கான செலவு உண்மையில் அவர் கொடுத்தது. அந்த வரி சரியாகவே பதியப்பட்டிருக்கின்றது. பின்னர் எழுதப்பட்ட பொய் வரிக்காக முன்னர் எழுதப்பட்ட மெய் வரியை அழிப்பது எந்தக் கணக்கிலும் இல்லை. கல் இருக்கட்டும். அவரும் வந்து கும்பிடட்டும். வாசலில் எவரும் மறிக்க வேண்டாம். திருநீறு கொடுக்கும்போது ஐயர் அவரைத் தாண்டிச் செல்ல வேண்டாம். திறப்பு மாத்திரம் வேறொருவர் இடுப்பில் இருக்கட்டும்.